எல்லாம் அடக்கம்: மணப்பாட்டுக் கரையில் ஒரு மே மாதம்

என் கொழுந்தனார் தோஹாவில் இருக்கிறார். போன வருடம் குடும்பத்தோடு துருக்கி போய், கையில் பட்டை கட்டிக்கொண்டு கடற்கரை விடுதியில் ஒரு வாரம் பர்ஸைத் தொடாமல் சாப்பிட்டுவிட்டு வந்தார். அதிலிருந்து அவருக்கு விடுமுறை என்றால் அது ஒன்றுதான். 1950-ல் மயோர்க்கா தீவில் கூடாரம் அடித்து ஆரம்பித்த கிளப் மெட்தான் இதற்கெல்லாம் முன்னோடி, அங்கே பிற்பாடு பணத்துக்குப் பதில் பாசிமணியைக் கழற்றிக் கொடுத்துத்தான் குடிக்க வாங்குவார்களாம். இதையெல்லாம் போனில் எங்களுக்கு வகுப்பெடுத்தார். பிறகு ஒருநாள், "அம்மாவுக்கு அந்த மாதிரி ஒரு இடம் புக் பண்ணிட்டேன் அண்ணி. உங்க மூணு பேருக்கும் சேர்த்து. மணப்பாடு பக்கம்" என்றார். திருச்செந்தூருக்குத் தெற்கே இருக்கிற கடலோர ஊர் அது.

விடுதியின் பெயர் வேண்டாம். இரண்டு அறை, ஓர் இரவுக்கு ஓர் அறை 7,400 ரூபாய், மூன்று வேளைச் சாப்பாடும் சாயங்காலத் தேநீரும் அடக்கம். 7,500-க்குள் நிறுத்தியிருந்ததால் அப்போது ஜிஎஸ்டி 12 சதவீதம். நூறு ரூபாய்க்கு மேல் கூடியிருந்தால் 18. அந்தக் கணக்கைப் போட்டவர் கெட்டிக்காரர். விமான நிலையத்திலிருந்து கூட்டிவரவும் கொண்டுவிடவும் தனியாக 5,500. அதையும் தோஹாவிலிருந்தே கட்டிவிட்டார்.

2025 மே 22, வியாழன்

தூத்துக்குடி விமான நிலையம் ஊருக்குள் இல்லை, திருநெல்வேலி சாலையில் வாகைக்குளத்தில் இருக்கிறது. பழைய ஓடுபாதை 1,350 மீட்டர்தான் என்பதால் விசிறி வைத்த சின்ன ஏடிஆர் விமானம் மட்டுமே இங்கே வந்து போய்க்கொண்டிருந்தது. நாங்கள் போனதும் அதில்தான். பெரிய விமானம் இறங்க ஓடுபாதையை நீட்டி, புது முனையமும் கட்டி முடிக்கிற தறுவாயில் இருந்தார்கள். (2025 ஜூலை 26-ல் அது திறந்தாகிவிட்டது. நான் எழுதுவது பழைய கட்டடத்தைப் பற்றி.) இறங்குவதற்கு முன் ஜன்னலில் உப்பளங்கள் தெரிந்தன. அத்தை முதலில் அவற்றை வயல் என்றுதான் நினைத்தார்.

பெட்டி எடுத்து வெளியே வர பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வாசலில் எங்கள் பெயர் எழுதிய அட்டை எதுவும் இல்லை. என் கணவர் டிரைவருக்குப் போன் போட்டார்.

"வந்துட்டேன் சார். வாசல்லதான் நிக்கேன்."

"நாங்களும் வாசல்லதான் நிக்கிறோம்பா. எந்த வாசல்?"

"வெளிய வார வாசல் சார். கொழும்பு பிளைட்டு வந்துருக்கு, கூட்டமா கெடக்கு. அதான் தெரியல போல."

எங்கள் எதிரில் இருந்தது இரண்டு ஆட்டோ, நான்கு கார், ஒரு வேப்பமரம். கொழும்பிலிருந்து வாகைக்குளத்துக்கு எந்த விமானமும் வருவதில்லை. டிரைவர் நின்றுகொண்டிருந்தது மதுரையில்.

விடுதியைக் கூப்பிட்டோம். வரவேற்பில் இருந்த பெண் கொஞ்சமும் அசரவில்லை. "புக்கிங்ல ஏர்போர்ட் பிக்கப்னு மட்டும்தான் சார் இருக்கு. எங்க கெஸ்ட் எல்லாம் மதுரை, இல்லைனா திருவனந்தபுரம்தான் வருவாங்க. டிரைவரை வரச் சொல்றேன், ரெண்டரை மணி நேரத்துல வந்துருவார்." கொழுந்தனார் விமான எண் வரைக்கும் எழுதி அனுப்பியிருந்தார். அதை யாரும் திறந்து பார்க்கவில்லை என்று பிறகு தெரிந்தது. இந்தப் பக்கம் யாராவது வண்டி ஏற்பாடு செய்தால் முதல் நாள் ராத்திரியே டிரைவரின் எண்ணை வாங்கி, "நாளைக்கு எந்த ஊருக்கு வர்றீங்க?" என்று அவர் வாயால் கேட்டுவிடுங்கள். மூன்று விமான நிலையங்களுக்கு நடுவே இருக்கிற கரை இது.

அந்த நான்கு கார்களில் ஒன்றின் டிரைவர் இவ்வளவையும் கேட்டுக்கொண்டே நின்றிருந்தார். நாங்கள் போனை வைக்கிறவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. வைத்த பிறகுதான் கிட்டே வந்தார்.

"எங்க போணும்க்கா? மணப்பாடா? 2,300 குடுங்க. ஆச்சிய வெயில்ல நிப்பாட்டாதிய, மொதல்ல வண்டில உக்காரச் சொல்லுங்க. போறதும் போவாததும் பெறவு பேசிக்கிடலாம்."

ஏசியைப் போட்டு அத்தையை உட்கார வைத்துவிட்டுத்தான் எங்களிடம் பேச வந்தார். பேசுவதற்கு அப்புறம் ஒன்றும் இருக்கவில்லை.

தூத்துக்குடி வழியாகப் போகாமல் ஸ்ரீவைகுண்டம் வழியாகக் கூட்டிப்போனார். அது நல்லதாகப் போயிற்று. வாகைக்குளத்துப் பொட்டலில் கருவேலம் மட்டும் பார்த்துக்கொண்டு வந்த கண்ணுக்கு, தாமிரபரணியை நெருங்கியதும் சட்டென்று இரண்டு பக்கமும் வாழை. ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை என்று நவதிருப்பதி ஊர்ப் பலகைகளாக வந்தன. அத்தை தஞ்சாவூர்க்காரர். ஆற்றில் மே மாதத்தில் தண்ணீர் ஓடுவதை உற்றுப் பார்த்துவிட்டு, "எங்க காவேரி இந்நேரம் மணலாத்தான் கெடக்கும்" என்றார். அந்தப் பொறாமை ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால் பற்றி டிரைவர் அண்ணாச்சி பேசுகிறவரை நீடித்தது. வெற்றிலை விஷயத்தில் அத்தை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. "கும்மோணம் வெத்தலை தெரியுமா உங்களுக்கு?" "ஆத்தூர் வெத்தலைக்குப் புவிசார் குறியீடே குடுத்துருக்கு ஆச்சி." அதோடு திருச்செந்தூர் வரை வண்டியில் மௌனம்.

ஒன்றரை மணி நேரத்தில் விடுதி. கையில் நீலப் பட்டை கட்டினார்கள். பிளாஸ்டிக் பூசிய காகிதம், குளித்தாலும் போகாது. அத்தையின் தங்க வளையலுக்குக் கீழே அதைக் கட்டியதும், "ஆஸ்பத்திரியில கட்டுறது" என்றார். இரவுச் சாப்பாடு: தக்காளி சூப், கோபி மஞ்சூரியன், பன்னீர் பட்டர் மசாலா, நூடுல்ஸ், மீன் ஃபிங்கர், குலாப்ஜாமூன். கடல் ஐம்பது அடியில் இரைந்துகொண்டிருந்தது.

தோஹாவிலிருந்து வாட்ஸ்அப்: "எல்லாம் அடக்கம். ஒண்ணும் விடாதீங்க."

மே 23, வெள்ளி

காலையில் கடலுக்குப் போகலாம் என்று இறங்கினால் சிவப்புக் கொடி. காற்று அப்படி. மே கடைசியிலிருந்து இந்தக் கரையில் மேற்கே இருந்து வருகிற காற்று நிற்பதே இல்லை. காவல்காரர் பெரியவர் ஒருவர் விசிலோடு உட்கார்ந்திருந்தார். மகள் கால் நனைக்கட்டுமா என்று கேட்டாள்.

"கால நனைக்கதுக்குத்தாம்மா எல்லாரும் எறங்குதாவ. கணபதிபுரத்துல போன வருசம் அஞ்சு டாக்டர் புள்ளைய போச்சே, அதுவும் கால நனைக்கப் போனதுதான்."

2024 மே 6-ல் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் நடந்தது. தூரத்துக் கடலில் எழும்புகிற அலை, இங்கே காற்றே இல்லாத நேரத்திலும் கரையேறி வந்து இழுத்துவிடும். கள்ளக்கடல் என்று மீனவர்கள் சொல்வதைத்தான் இப்போது எச்சரிக்கை அறிவிப்பிலும் அதே பெயரில் போடுகிறார்கள். மகள் பேசாமல் திரும்பி வந்து நீச்சல் குளத்தில் இறங்கினாள். கயாக் இல்லை, படகுச் சவாரி இல்லை. இரண்டும் "அடக்கம்" பட்டியலிலும் இல்லை என்பதால் குறை சொல்ல முடியாது.

மத்தியானம் மறுபடியும் மீன். வெள்ளையாக, முள்ளே இல்லாமல், ருசியும் இல்லாமல். பரிமாறிய பையனிடம் என்ன மீன் தம்பி என்று கேட்டேன். "பாஸா மேம்" என்றான். வளர்ப்பு மீன், உறைய வைத்து பெட்டியில் வருவது. கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து அதைத் தின்றோம்.

காரணம் இருக்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகளும் இழுவைப் படகுகளும் கடலுக்குப் போகக் கூடாது. தூத்துக்குடித் துறைமுகத்தில் படகெல்லாம் கட்டிக் கிடக்கும், மீன் விலை ஏறிவிடும். விடுதி மொத்தமாகக் குத்தகை பேசி வாங்குவது விசைப்படகு மீனைத்தான். அது இல்லையென்றால் பாஸா. ஆனால் நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. மணப்பாட்டில் இருப்பவை பெரும்பாலும் நாட்டுப்படகும் ஃபைபர் படகும்தான். அதாவது விடுதிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றிரண்டு கிலோமீட்டரில் தினமும் மீன் இறங்கிக்கொண்டிருக்கிறது.

இதைச் சொன்னது காவல்காரர் பெரியவர். கூடவே, "நீங்க உள்ள சாப்பிடுததுக்குத் துட்டு கெட்டிட்டியள்லா" என்றும் சொன்னார்.

உண்மைதான், அந்தப் பணம் கழுத்தில் உட்கார்ந்திருந்தது. பசிக்காவிட்டாலும் நான்கரை மணி ஆனால் தேநீருக்குப் போக வேண்டும். வெங்காய பக்கோடாவை விட்டால் தோஹாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். என் கணவர் இரண்டு தட்டு எடுத்து வந்தார். யாரும் சாப்பிடவில்லை. சாப்பாட்டு நேரம் தாண்டி மகள் ஒரு எலுமிச்சை சோடா கேட்டதற்கு 120 ரூபாய் என்று சீட்டு நீட்டினார்கள். அதில் கையெழுத்துப் போடும்போது அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்தனாரின் நண்பர் ஒருவர் எங்களிடம் முன்பே ரகசியமாகக் கேட்டிருந்தார், எல்லாம் அடக்கம் என்றால் "அதுவும்" அடக்கமா என்று. இல்லை ஐயா. இங்கே அதற்கு உரிமம் தனி, கணக்கு தனி. துருக்கியை மறந்துவிடுங்கள்.

மே 24, சனி

காலை ஆறு மணிக்கே விடுதி ஆட்டோவில் மணப்பாடு போனோம். 150 ரூபாய்.

ஊரைத் தூரத்திலிருந்து பார்க்க வேண்டும். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல்மேடு, அதன் உச்சியில் வெள்ளையாகத் திருச்சிலுவைக் கோவில், பக்கத்தில் கலங்கரை விளக்கம். கோவில் 1581-ல் கட்டியது. அதற்கும் நாற்பது வருடம் முன்பு, புயலில் தப்பிய போர்ச்சுகீசியக் கப்பல் தலைவன் ஒருவன் உடைந்த பாய்மரத்தைச் சிலுவையாக்கி இந்த மேட்டில் நட்டான் என்பது ஊர் வரலாறு. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை மேட்டின் கடல் பக்கத்தில் இருக்கிறது. குகைக்குள் நின்றால் காற்றின் சத்தம் நின்றுவிடுகிறது. மூன்று நாட்களில் முதல் முறையாக நாங்கள் கத்தாமல் பேசிக்கொண்டது அங்கேதான்.

மேட்டிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் பொங்குகிற கடல், மறுபக்கம் கருமேனியாறு வந்து தேங்கி நிற்கும் கழி, அசையாத தண்ணீர். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் சறுக்குகிறவர்கள் இந்தக் கழியைத் தேடித்தான் வருகிறார்கள். காலில் செருப்பில்லாத பையன்கள் நான்கு பேர் அதே கழியில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் போய் என்ன கிடைத்தது என்று கேட்க, வாளியைக் காட்டாமல் மூடிக்கொண்டார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை போல.

ஊருக்குள் தெருக்கள் பெரிது, வீடுகள் அதைவிடப் பெரிது. கொழும்பு வியாபாரத்தில் சம்பாதித்துக் கட்டியவை, பலவற்றில் பூட்டு. ஒரு வீட்டுத் திண்ணையில் அத்தை மூச்சு வாங்க உட்கார்ந்ததும் உள்ளிருந்து ஒரு அம்மா வந்தார். யார், எந்த ஊர் என்று கேட்பதற்கு முன்பே ஒரு செம்பு தண்ணீர். பிறகுதான் கேள்விகள். பிறகு கருப்பட்டிக் காப்பி. பிறகு "இட்லி அவிச்சிருக்கேன், ரெண்டு சாப்பிட்டுட்டுப் போங்க". விடுதியில் காலைச் சாப்பாடு அடக்கம் என்று சொல்லித் தப்பித்தோம். வெளியே வந்ததும் அத்தை, "எதுக்கு வேண்டாம்னே?" என்று மகனைப் பார்த்துக் கேட்டார். அவரிடம் பதில் இல்லை. பனையோலைப் பெட்டி முடைகிற பெண்களிடம் மூடி போட்ட சின்னப் பெட்டி ஒன்று 180 ரூபாய்க்கு வாங்கினேன். விலை குறைத்துக் கேட்கத் தோன்றவில்லை. ஓலையைச் சாயம் போட்டு, கீறி, பின்னுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தால் யாருக்கும் தோன்றாது.

கரையில் ஏலம் முடிகிற நேரம். சாளை குவியலாக, காரல் கூடையாக, கொஞ்சம் விளமீன். தடைக்காலம் என்பதால் கிலோ 450 சொன்னார்கள். என் கணவருக்குப் பொறுக்கவில்லை, இரண்டு கிலோ விளமீன் வாங்கிவிட்டார். "ரிசார்ட்லதான் கிச்சன் இருக்கே, பொரிச்சுக் குடுப்பாங்க."

கொடுக்கவில்லை. வெளி உணவுப் பொருள் உள்ளே அனுமதி இல்லையாம். மேலாளர் பொடியன் மிகவும் மரியாதையாக, மிகவும் வருத்தமாக, கொஞ்சமும் அசையாமல் சொன்னான். பையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, வரவேற்பறையின் வெள்ளைத் தரையில் மீன் வாடை. கடைசியில் பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற அக்கா ஒருவர் வந்து, "எங்கிட்ட குடுங்க சார், ஸ்டாஃபுக்கு வச்சிருதேன்" என்று பையை வாங்கிப் போனார்.

ஒரு மணிக்கு சாப்பாட்டுக் கூடத்தில் வெஜ் புலாவுக்கு முன் உட்கார்ந்திருக்கும்போது அந்த வாசனை வந்தது. தேங்காய் அரைத்து, புளி கரைத்து, பச்சை மிளகாய் கீறிப் போட்ட மீன் குழம்பு. மகள் எழுந்து போனாள். திரும்பி வரவில்லை. தேடிப் போனால் சமையலறையின் பின்னால், தகரக் கொட்டகையில், பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கிறாள். பக்கத்தில் காவல்காரர் பெரியவர், தோட்டக்காரர், ஒடிசாவிலிருந்து வந்திருக்கும் சமையல் மாஸ்டர். விருந்தினருக்குப் பன்னீர் கிண்டிய அந்த மாஸ்டர், தான் சாப்பிட இங்கேதான் வருகிறார்.

"நீங்களும் இருங்கக்கா. ஒங்க மீன்தான. ஆச்சியக் கூப்பிடட்டா?"

அத்தையைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தார்.

மேலாளர் ஓடி வந்தான். விருந்தினர் இங்கே சாப்பிடுவது விதிக்கு ஒவ்வாது என்றான். அத்தை கையில் கட்டிய நீலப் பட்டையைத் தூக்கிக் காட்டி, "எல்லாம் அடக்கம்னுதானே தம்பி கட்டிவிட்டீங்க?" என்றார். அவன் சிரித்துவிட்டான். பிறகு அவனும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டான், நின்றபடியே.

சாயங்காலம் தொலைக்காட்சியில் கேரளாவில் பருவமழை தொடங்கிவிட்டதாகச் செய்தி. ஜூன் 1-க்குப் பதில் எட்டு நாள் முன்னதாக. மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது. இங்கே ஒரு துளி இல்லை. மலை அந்தப் பக்கமே மழையைப் பிழிந்து எடுத்துக்கொண்டு காற்றை மட்டும் இந்தப் பக்கம் அனுப்புகிறது.

மே 25, ஞாயிறு

விடுதியின் "உள்ளூர் சுற்றுலா" 4,500 என்றார்கள். வாகைக்குளத்து அண்ணாச்சியைப் போனில் கூப்பிட்டோம், நாள் முழுக்க 2,800. காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கிளம்பினோம். தோஹாவுக்குச் சொல்லவில்லை.

குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் கோவில். தசராவுக்கு லட்சக்கணக்கில் வேஷம் கட்டி வருகிற ஊர், மே மாதத்தில் வெறிச்சென்று இருந்தது. அர்ச்சனைத் தட்டு விற்கிற அம்மா எங்களைப் பார்த்து எழக்கூட இல்லை. ஊரைத் தாண்டினால் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கான இடம். 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டியது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே அனுப்பினால் இலங்கைக்கு மேலே போகாமல் வளைத்துக்கொண்டு போக வேண்டும், அதில் எரிபொருள் வீண். இங்கிருந்து நேரே கடல்தான். சின்ன ராக்கெட்டுகளுக்கு அந்த மிச்சம் பெரிது. அண்ணாச்சிக்கு இதெல்லாம் அத்துப்படி. "ராக்கெட்டு விட ஆரம்பிச்சா வாகைக்குளத்துல எறங்குத ஆளுவ கூடும்க்கா. நான் இன்னொரு வண்டி எடுக்கலாம்னு இருக்கேன்."

உடன்குடி போகிற வழியில் பனங்காட்டுக்குள் ஒரு விடிலியில் நிறுத்தினார். ஓலை வேய்ந்த கொட்டகை, உள்ளே அடுப்பில் பதநீர் கொதித்துக்கொண்டிருந்தது. பனையேறி அப்போதுதான் மரத்திலிருந்து இறங்கியிருந்தார். நெஞ்சும் கைகளும் காய்த்துப் போயிருந்தன. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவித்தான் பாளையில் கட்டுகிறார்கள். தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும், கள் இங்கே தடை. ஓலைப் பட்டையை மடித்துப் பிடிக்கச் சொல்லி அதில் ஊற்றினார். பட்டை ஒன்று 40 ரூபாய். அத்தை இரண்டு குடித்தார். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் என்று நான் ஆரம்பித்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கருப்பட்டி அங்கேயே வாங்கினோம், கிலோ 380. சிரட்டையில் ஊற்றி ஆறவைத்தது, அடியில் சிரட்டையின் கண்கூடப் பதிந்திருந்தது. கடைத்தெருவில் 200-க்கும் கிடைக்கும், அதில் பாதி சீனிப்பாகு என்றார் அண்ணாச்சி. "ஒடச்சுப் பாருங்க. உள்ள பளபளன்னு மின்னுச்சுன்னா வைக்கப்பிடாது." எங்களுடையது மின்னவில்லை. ஆறு மாதம் மரம் ஏறினால் மீதி ஆறு மாதம் என்ன செய்வீர்கள் என்று என் கணவர் பனையேறியைக் கேட்டார். "கெடச்ச வேல" என்றார். மகனைப் பற்றிக் கேட்டதற்கு "திருப்பூர்ல இருக்கான்" என்பதோடு பேச்சு முடிந்தது.

பிறகு தேரி, அதாவது செம்மணல் மேடு. குதிரைமொழித் தேரியைப் பற்றிப் படம் பார்த்திருக்கிறேன், படம் நிறத்தைக் குறைத்துத்தான் காட்டுகிறது. மணலின் ஒவ்வொரு துகளிலும் இரும்புத் துரு படிந்த சிவப்பு, செங்கல்லைப் பொடித்துக் கொட்டிய மாதிரி. இத்தனைக்கும் கடல் சில கிலோமீட்டரில்தான். நடுநடுவே பனையும் முந்திரியும் கொல்லாமரமுமாக என்று எழுத வந்தேன், முந்திரியும் கொல்லாவும் ஒன்றே என்று அண்ணாச்சி திருத்தினார். தென்மேற்குக் காற்று அடிக்கிற இந்த மாதங்களில்தான் மணல் நகரும். மேட்டின் முகட்டிலிருந்து சிவப்புப் புகைபோல மணல் பறந்துகொண்டே இருந்தது, கணுக்காலில் ஊசி குத்துகிற வலி. என் கணவரின் தொப்பி பறந்தது. துரத்திக்கொண்டு இரண்டு மேடு ஏறி இறங்கிவிட்டு வெறுங்கையோடு வந்தார், வாயெல்லாம் மணல். தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோவிலின் நிழலில் உட்கார்ந்து முகம் கழுவினார். கோவிலில் இருந்த குடும்பம் ஒன்று, பொங்கல் வைத்து முடித்திருந்தது, எங்களைக் கேட்காமலே வாழையிலைத் துண்டுகளில் வைத்து நீட்டினார்கள். வேண்டாம் என்று சொல்ல அத்தை இம்முறை யாரையும் விடவில்லை.

திரும்பும்போது கொச்சிக்கு அப்பால் சரக்குக் கப்பல் ஒன்று கண்டெய்னர்களோடு மூழ்கிவிட்ட செய்தி வந்திருந்தது. கப்பலில் இருந்த 24 பேரையும் காப்பாற்றிவிட்டார்கள். விடுதி வாசலில் பெரியவர் அதையேதான் பேசிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மணப்பாட்டுக்காரர்கள் கடலுக்குப் போவதில்லை, பூசை. "நாளைக்கும் போவ மாட்டாவ. கடல் சரியில்ல."

மீன் இல்லாததால் தகரக் கொட்டகையில் அன்றிரவு உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். தொலி உளுந்து போட்டு, தேங்காய் போட்டு, பூண்டு மணக்க. அந்த அக்கா எங்களுக்கும் சேர்த்தே வைத்திருந்தார். மேலாளர் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விட்டான். ராத்திரி தோஹாவிலிருந்து வீடியோ அழைப்பு. "அம்மா, ஸ்டார்ட்டர் எல்லாம் சாப்பிடுறியா? டெசர்ட் விட்டுடாதே." அத்தை வாயைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் ஆச்சுடா. அடுத்த தடவை சாப்பாடு இல்லாம போடு, வாடகை மட்டும் போதும்" என்றார். அவருக்குப் புரியவில்லை, கோபம் வேறு.

மே 26, திங்கள்

கணக்கு முடிக்கிற சண்டை அரை மணி நேரம். கூடுதல் தண்ணீர் பாட்டில், சோடா, ஒரு கப்புச்சினோ, எல்லாம் 1,140 ரூபாய். அது சரி. மதுரைக்குப் போன வண்டிக்கான 2,750-ஐத் திருப்பிக் கேட்டோம். வண்டி போய் வந்ததற்கு டீசல் ஆகியிருக்கிறதே என்றார்கள். யார் அனுப்பச் சொன்னது என்றார் இவர். கடைசியில் பணத்துக்குப் பதில் 1,000 ரூபாய் மசாஜ் கூப்பன் ஒன்று கொடுத்தார்கள், ஆறு மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டுமாம். அதைப் பின்பக்கத்து அக்காவிடம் கொடுத்தோம். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

திரும்பிப் போகிற வண்டிக்கும் பணம் கட்டியாயிற்று, அதனால் விடுதிக் காரிலேயே ஏறினோம். இந்த டிரைவர் ஸ்ரீவைகுண்டம் வழி தெரியாதவர், வரைபடம் பார்த்து ஓட்டினார், தூத்துக்குடி நெரிசலில் கொண்டுபோய் மாட்டினார். வழி நெடுக அத்தை, "அந்தத் தம்பியா இருந்தா" என்று ஆரம்பித்து ஆரம்பித்து நிறுத்தினார்.

வாகைக்குளத்தில் அந்தத் தம்பி நின்றிருந்தார். வேறு சவாரிக்காக வந்தவர், வருகிற வழியில் முதலூர் மஸ்கோத் அரைக் கிலோ வாங்கி வைத்திருந்தார். தேங்காய்ப் பால் ஊற்றிக் கிண்டுகிற அல்வா. நெய் அல்வா எல்லாரும் வாங்குவார்கள், இதை வாங்கிப் போங்கள் என்றார். காசு வாங்க மறுத்தார். அத்தை பையிலிருந்து வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்து, ஒரு கவுளியை அவர் கையில் வைத்தார். ஆத்தூர் வெற்றிலை. எப்போது வாங்கினார் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

விமானம் இரண்டு மணி நேரம் தாமதம், காற்று. உள்ளே ஒரே ஒரு கடை, சமோசா 90 ரூபாய். மஸ்கோத் பாதி அங்கேயே தீர்ந்தது. மீனம்பாக்கத்தில் இறங்கியபோது மணி பத்தரை. அம்பத்தூருக்கு 780 என்று செயலியில் காட்டிய வண்டிக்காரர், போனில் "கேஷா, ஆன்லைனா?" என்று மட்டும் கேட்டார். ஆன்லைன் என்றதும் வைத்துவிட்டார். அடுத்தவர் 950-க்கு வந்தார், ஏசி போட மாட்டேன் என்ற நிபந்தனையோடு.